என். சுலோச்சனா, மூன்று ஏ

ஜூன் 3, செவ்வாய்

கமிட்டிக் கூட்டம் மாலை ஐந்துக்கு என்று அறிவித்துவிட்டு ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினார்கள். கற்பகம் என்க்ளேவில் நாற்பத்தெட்டு வீடுகள். வந்தவர்கள் பதினோரு பேர். இருந்தாலும் என் தீர்மானம் நிறைவேறியது. சங்கத்தின் வெப்சைட்டில் இனி ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவருடைய படம் இருக்கும். இப்போது அங்கே ஒரு வட்டமும் அதற்குள் ஓர் எழுத்தும்தான் தெரிகின்றன. அதுவும் இனிஷியலின் எழுத்து. பதினான்கு பேர் வெறும் 'எஸ்' ஆக இருக்கிறார்கள்.

பிரசிடென்ட் தேவராஜுலு முனகினார். "பதினஞ்சு வருசமா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டுத்தானுங்க மேடம் இருக்கோம். இன்னும் போட்டோ வேற எதுக்குங்க?"

ஒழுங்குக்கு என்றேன். பாதுகாப்புக்கும்தான்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தவள் ஐந்து டி ஷப்னம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், இரண்டு குழந்தைகள். ஒரு வாரம் கேட்டாள். வருகிற படங்களைப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கூட்டக் குறிப்பு எழுதுவதும் நான்தான். வேறு யாரிடம் கொடுத்தாலும் பிழை விடுவார்கள்.

திரும்பும்போது பச்சைப் புடவைக்காரர் ஒருவர் எனக்காக லிப்டைப் பிடித்து நிறுத்தினார். "கால் வலி எப்படிங்க இருக்குது?" பரவாயில்லை என்றேன்.

ஜூன் 5, வியாழன்

கண் டாக்டரிடம் போனேன். எல்லா எழுத்தையும் கடைசி வரிவரை படித்துக் காட்டினேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி மாற்ற வேண்டாம் என்கிறார். மிகவும் இளைய டாக்டர். வேறு ஒருவரைப் பார்க்க வேண்டும்.

வெயில் குறையவில்லை. எலுமிச்சை ஊறுகாய்க்குத் துணி மாற்றிக் கட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கு மோகனசுந்தரம் பெங்களூரிலிருந்து பேசினான். இப்போதெல்லாம் நலம் விசாரிப்பதைவிடக் குறுக்கு விசாரணைதான் அதிகம். சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், நேற்று யார் வந்தார்கள், அவர் பெயர் என்ன.

எல்லாம் மார்ச் மாதத்தில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலை பாத்ரூமில் தலை சுற்றியது, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால்காரர் மணி அடித்தும் நான் திறக்கவில்லை. யாரோ அவனுக்குப் போன் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரம்தான். அவன் இரண்டு மணி நேரம் என்கிறான்.

"இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நேரா இங்கதாம்மா. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். தனியா இருந்தது போதும்."

வீடு அவன் பெயரில் இருக்கிறது. அவன் அப்பா அப்படித்தான் எழுதினார். அவன் சொன்னால் நடக்கும்.

போன வருடம் அங்கே மூன்று வாரம் இருந்தேன். பதினான்காவது மாடி. அங்கே எல்லோரும் எனக்குப் புதியவர்கள். இங்கே குறைந்தபட்சம்...

பாப்பாத்தி வந்துவிட்டாள். பாத்திரம் எடுத்துப் போட வேண்டும்.

ஜூன் 11, புதன்

படங்கள் வரத் தொடங்கிவிட்டன. முப்பத்தொன்று வந்ததில் இருபத்திரண்டை நிராகரித்தேன். பழனியாண்டவர் நான்கு பேர், பெருமாள் ஒருவர். ரோஜாப்பூ மூன்று. பேரக்குழந்தைகள் ஆறு, அதில் ஒன்றுக்குப் பல்லே முளைக்கவில்லை. ஒருவர் கல்யாணப் படத்தை அனுப்பியிருக்கிறார், அதில் அவர் எந்த ஓரத்தில் நிற்கிறார் என்று அம்புக்குறி போட்டு. ஒருவர் சினிமா நடிகர். ஒருவர் வெறும் கார்.

நான் எழுதிய விதி மூன்றே வரி. சொந்த முகமாக இருக்க வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். இதில் எந்த வரி புரியவில்லை?

மாலையில் வாசலில் ஒரு வழுக்கைத் தலை. வாயைத் திறந்ததும் தேவராஜுலு என்று தெரிந்தது.

"பெருமாளையே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களாமே மேடம்!"

"பெருமாள் நம்ம பிளாக்ல குடியிருக்கலை மிஸ்டர் தேவராஜுலு."

"அவரு எங்கயும் இருக்காருங்க."

"அப்ப அவருக்குத் தனியா ஒரு லாகின் வாங்கிக் குடுங்க."

சிரித்துக்கொண்டே போனார். நாளைக்குச் சொந்த முகத்தை அனுப்புவாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீக்கிரம் எல்லாப் படமும் வந்தாக வேண்டும்.

ஜூன் 14, சனி

படம் அனுப்பாதவர்களுக்காக ஸ்டூடியோக்காரரைக் கீழே ஹாலுக்கு வரவழைத்தேன். பத்தொன்பது பேர் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். நீலச் சுங்குடி, கண்ணாடி, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி.

எனக்கு அடுத்து ஆறு சி வீட்டு அம்மாள் உட்கார்ந்தார். அவர் பெயரும் சுலோச்சனா. கணவர் நடராஜன், அதனால் அவரும் என். சுலோச்சனா. என் கணவர் நாச்சிமுத்து. போன வருடம் அவர்கள் குடிவந்த நாளிலிருந்து என் கூரியர் அவருக்கும் அவர் மருந்து எனக்கும் வந்துகொண்டிருக்கின்றன. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் கேட்பதில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்களே" என்று தோளில் தட்டுகிறார். நான் யாருடைய தோளிலும் தட்டுவதில்லை.

ஜூன் 16, திங்கள்

ஷப்னம் வெப்சைட்டில் படங்களை ஏற்றிவிட்டாள். காலை எட்டு முதல் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். என் படமும் வந்திருக்கிறது. வயதுக்கு மோசமில்லை. நீலம் எடுப்பாகத் தெரிகிறது. அதற்கும் ஓகே கொடுத்தேன்.

பிறகு ஒரு நோட்டை எடுத்துப் பள்ளிப் பாடம் போல எழுதினேன். இரண்டு பி, இடது கன்னத்தில் மச்சம். நான்கு டி, புருவம் சேர்ந்தது. ஏழு சி, முன்பல்லில் இடைவெளி. நான் படித்த கான்வென்டில் மதர் சுப்பீரியர் முந்நூறு பெண்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒருமுறை கூடத் தவறியதில்லை. நாற்பத்தெட்டு வீடு என்ன பெரிய கணக்கு?

மாலையில் கீழே போனேன். மச்சம் இருப்பவர்கள் மூன்று பேர். பல்லைக் காட்டிக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

திரும்பி வந்து மறுபடியும் திரையைப் பார்த்தேன். எல்லா வட்டத்திலும் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். தனித்தனியாக எல்லாம் நன்றாகத் தெரிகின்றன. சேர்த்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

படங்கள் அளவில் சிறியவை. பெரிதாக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 18, புதன்

பாப்பாத்தி தரை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா இப்பெல்லாம் ரொம்ப மாறீட்டீங்க."

எதில் என்று கேட்டேன்.

"கீழ அல்லாரும் சொல்லீட்டுதான் இருக்கறாங்க. மூணு ஏ அம்மா முந்தியெல்லாம் ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி பேரச் சொல்லிக் கூப்புடும், பயமா இருக்கும். இப்ப கண்ணுங்குது, சாமிங்குது, என்னம்மாங்குது, அத்தனை பாசமா இருக்குதுன்னு."

கடைக்காரரை அண்ணா என்பதும் காவலாளியைத் தம்பி என்பதும் எனக்குப் பிடிக்காது. பெற்றோர் வைத்த பெயர் இருக்கும்போது அதைச் சொல்வதுதான் மரியாதை. ஐம்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். பெற்ற பிள்ளையைக் கூட முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

இப்போது பாசக்காரி என்று பெயர் எடுத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினில் சத்தம் வருகிறது என்று நேற்றே சர்வீசுக்குச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு ஆள் வரும் என்றார்கள். பதினொன்றரைக்கு மணி அடித்தது. திறந்தேன். தோளில் பை, மீசையில்லாத முகம்.

"வாங்க தம்பி, வாங்க. எத்தனை நேரமாக் காத்துட்டு இருக்கறேன். செருப்பை அங்கயே விட்டுட்டு உள்ள வாங்க."

அவர் அசையாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"அப்பத்தா கூப்புடற மாதிரியே கூப்பிட்டீங்கம்மா."

குரல். மோகனசுந்தரத்தின் குரல்.

அவன் அப்பத்தா, என் மாமியார், அவனைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து "வாங்க தம்பி, சாப்புடுங்க தம்பி" என்றுதான் பேசுவார். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து வழக்கம் அது. நான் அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சொன்னதுண்டு, அவர் காதுபடவே.

"சொல்லாமத்தானே வந்தேன். நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளை கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

சாப்பிடும்போது சொன்னான். என் நிலைமையைப் பார்த்து ஒரு முடிவு எடுக்கத்தான் வந்தானாம். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்கம்மா. நான்தான் தேவையில்லாமப் பயந்துட்டேன்." இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மீசையை எடுத்துவிட்டான். அதனால்தான். இருபது வருடம் இருந்த மீசையை எடுத்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

மூன்று மணிக்கு மெஷின் சர்வீஸ்காரர் வந்தார். அவரிடம் நான் ஒன்றுமே பேசவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மோகனசுந்தரம் ஊருக்குக் கிளம்பினான்.

மீசை காரணமில்லை.

ஜூன் 25, புதன்

காலையில் கமிட்டி வாட்ஸாப்பில் தேவராஜுலு எழுதியிருந்தார்: "ரெண்டு சுலோச்சனாவுக்கும் ஒரே முகம். இது என்ன அதிசயம்?" அதன்கீழே பதினேழு சிரிப்புப் பொம்மைகள்.

பத்து மணிக்கு ஷப்னம் வந்தாள்.

"சாரி ஆன்ட்டி, தப்பு என்னோடதுதான். ஸ்டூடியோக்காரர் குடுத்த படத்துக்கெல்லாம் அவங்கவங்க பேரையே போட்டு ஏத்தினேன். ரெண்டு பேரும் என். சுலோச்சனா. உங்க படத்துமேலயே அவங்க படம் ஏறிக்கிச்சு. வீட்டு நம்பரைச் சேர்த்திருக்கணும்."

"நான் போன வருஷமே சொன்னேன், இனிஷியலை நம்பாதீங்கன்னு."

"சொன்னீங்க ஆன்ட்டி." அவள் உட்காரவில்லை. "ஆனா... மூணு ஏ படத்துக்கு ஓகே குடுத்தது நீங்க."

கண்ணாடி போடாமல் பார்த்தேன் என்றேன்.

"கண்ணாடி இல்லாம உங்களை நான் பாத்ததே இல்லையே ஆன்ட்டி."

வெள்ளை முடி, கண்ணாடி, நீலப் புடவை. நான் பார்த்தது அதைத்தான். ஆறு சி அம்மாளின் முகம் உருண்டை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி என்று ஷப்னம் சொல்கிறாள். என் முகம் நீளமாம். எழுபத்தேழு வருடமாகக் கண்ணாடியில் பார்த்து வரும் முகம்.

குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன்.

"இப்ப நான் வந்தேனே," என்று அவள் மெல்லக் கேட்டாள். "என்னை யாருன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வந்ததும் 'சாரி ஆன்ட்டி'ன்னியே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. மார்ச் மாதத்திலிருந்து இப்படித்தான் என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"இது கண்ணு இல்லை ஆன்ட்டி, மூளை. அன்னிக்கு நீங்க உட்கார்ந்துட்டது வெறும் தலைசுற்றல் இல்லை போல. டாக்டரைப் பாத்தே ஆகணும். உங்க மகன்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா மறுநாளே சாமான் ஏத்த வண்டி வந்துடும். அங்க போனா நான் எல்லாருக்கும் 'மோகனோட அம்மா'. எனக்கு அங்க ஒருத்தரும் யாருமில்லை. மோகனசுந்தரத்தையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் யாரிடமும் சொல்ல மாட்டாளாம். ஆனால் போகும்போது சொன்னாள்: "இன்னொரு தடவை அப்படி வந்து, அப்ப நீங்க தனியா இருந்தா?"

ஜூன் 27, வெள்ளி

வெளியே போகவில்லை. பாப்பாத்தியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாக்கு சுத்தமாகப் புரள்கிறதா என்று பார்க்க, வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை தப்பில்லை.

ஜூன் 28, சனி

நான்கு பி வீட்டுக் குழந்தையின் புதுச் சைக்கிள் களவு போயிருக்கிறது. பிறந்தநாளுக்கு வாங்கியதாம், ஆறு வயதுப் பெண். கீழே அவள் அழுதது மூன்றாவது மாடி வரை கேட்டது.

நேற்று முன்தினம் மாலை, காவலாளி ரங்கராஜ் தண்ணீர் மோட்டார் போடப் போயிருந்த நேரத்தில், யாரோ பின்கேட்டைத் திறந்து ஆளை உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். ரங்கராஜ்தான் பூட்ட மறந்துவிட்டான் என்கிறார் தேவராஜுலு. திங்கட்கிழமை கூட்டம். அவனை அனுப்பிவிடுவார்களாம்.

நேற்று முன்தினம் மாலை மல்லிச்செடிக்குத் தண்ணீர் விடக் கீழே போயிருந்தேன். பின்கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றார். "சாவியை மேலயே வச்சுட்டு வந்துட்டேங்கம்மா" என்றார். எந்த வீடு என்று கேட்டால், என்னைத் தெரியவில்லையா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். "வா கண்ணு" என்று திறந்துவிட்டேன்.

பாதுகாப்புக்காகப் படம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவள் நான்.

ஜூன் 29, ஞாயிறு

மோகனசுந்தரம் பேசினான். மிகவும் உற்சாகமாக இருந்தான். "தம்பின்னு இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா" என்றான். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 30, திங்கள்

கூட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். யாரையாவது வேலையை விட்டு நீக்க வேண்டும் என்றால் வருகிறார்கள். ரங்கராஜ் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யூனிபார்ம் போட்டிருந்ததால் அவன்தான் என்று தெரிந்தது.

நான் எழுந்தேன். பின்கேட்டைத் திறந்தது நான் என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சுதானுங்களே மேடம் தெறந்திருப்பீங்க? ஆள் எப்படி இருந்தான்?" இது தேவராஜுலு.

"யாருன்னு தெரியாது. எப்படி இருந்தார்னு சொல்லவும் முடியாது. இங்க உட்கார்ந்திருக்கற நீங்க யாரும் யாருன்னு எனக்குத் தெரியாது. நாலு மாசமாத் தெரியலை. நீங்க பேசினதால பிரசிடென்ட்னு சொல்றேன்."

பின்னால் யாரோ "அய்யோ" என்றார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் பயந்தேன். கேட்டுவிட்டேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

தேவராஜுலு கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, "ரங்கராஜு, நீ போயி கேட்டைப் பாரு சாமி" என்றார்.

கூட்டக் குறிப்பு அன்று மாலையே வெப்சைட்டில் ஏறும். வெளியூரில் இருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் அது மெயிலில் போகும். மோகனசுந்தரம் ஒரு வரி விடாமல் படிப்பான். ஷப்னம் மேலே வந்து கேட்டாள்: "நடந்ததை முழுசா எழுதணுமா ஆன்ட்டி? 'விளக்கம் பெறப்பட்டது'ன்னு போட்டாலும் போதும்."

கூட்டக் குறிப்பில் அப்படிச் செய்யும் வழக்கம் எனக்கில்லை. எழுதினேன்: 'பின்கேட்டைத் திறந்தவர் திருமதி என். சுலோச்சனா (நாச்சிமுத்து), மூன்று ஏ. மார்ச் மாதம் முதல் அவருக்கு மனிதர்களின் முகம் அடையாளம் தெரிவதில்லை. காவலாளி மீது தவறில்லை.'

பிறகு ஒன்று கேட்டேன், படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் செய்ய முடியுமா என்று. பத்து நிமிடத்தில் செய்துவிட்டாள். சரியான படம், அதன்கீழே என் வரி: 'பேசுமுன் பெயரும் வீட்டு எண்ணும் சொல்லவும்.'

"தயவுசெய்துன்னு சேர்க்கட்டுமா ஆன்ட்டி?"

வேண்டாம் என்றேன். சேமி என்ற பொத்தானை நானே அழுத்தினேன்.

ஜூலை 2, புதன்

சொல்கிறார்கள். லிப்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். தேவராஜுலு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி "தேவராஜுலு, ஏழு ஏ, பிரசிடென்ட்!" என்கிறார். பிரசிடென்ட் என்பது பெயரில் சேராது என்றேன். ஆறு சி அம்மாள் மோர்க்குழம்போடு வந்து, "நானுங்க, இன்னொரு நீங்க" என்றார். தோளில் தட்டினார். தட்டட்டும்.

கூட்டக் குறிப்பைப் படித்திருப்பான், ஆனால் மோகனசுந்தரத்திடமிருந்து போன் இல்லை. இரண்டு நாள். அவன் இப்படி இருந்ததே இல்லை.

ஜூலை 3, வியாழன்

போன் இல்லை. பீரோவில் இருந்த புடவைகளை மடித்து அடுக்கினேன். எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று மனம் தானாகப் பிரிக்கிறது.

ஜூலை 5, சனி

காலை ஏழு மணி. கதவைத் திறந்ததும் வாசலில் நின்றவர் சொன்னார்: "மோகனசுந்தரம். உங்க பையன்."

உள்ளே வந்து உட்கார்ந்தான். காபியைத் தொடவில்லை.

"அன்னிக்கு என்னை யாருன்னு நெனச்சீங்க?"

"தண்ணி மெஷின் ரிப்பேர்காரர்."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தான். "நான் அதை ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேம்மா. எங்கம்மா என்னைத் தம்பின்னு கூப்பிட்டாங்கன்னு."

மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. கேட்டேன்.

"இப்ப என் முகம் உங்களுக்கு எப்படிம்மா தெரியுது?" என்றான்.

நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் என்றேன். இரண்டு நாள் ஷேவ் செய்யவில்லை. அழுதிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்கேன் முடிந்தது. மார்ச்சில் வந்தது சிறிய பக்கவாதம்தான். கை காலைத் தொடாமல், தலையின் பின்பக்கத்தில் முகங்களைச் சேர்த்து வைக்கும் இடத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மாத்திரைகளை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. எங்கே இருக்கலாம் என்று மோகனசுந்தரம் கேட்டான். நான் கேட்கச் சொல்லவில்லை. பழகின இடத்தில், பழகின குரல்களுக்கு நடுவில் இருக்கட்டும் என்றார் டாக்டர். தனியாக விழுந்தால் தெரிவதற்குக் கையில் ஒரு பட்டை கட்ட வேண்டுமாம். ஷப்னம் பார்த்துக்கொள்வாள் என்றேன்.

"வீட்டைக் காலி பண்ற பேச்சை இப்ப எடுக்கலைம்மா. ஆனா சனி, ஞாயிறு நான் இங்கதான்" என்றான். தர்க்கம் செய்யவில்லை.

என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மாத்திரை வாங்கப் போனான். அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் நூறு பேராவது இருப்பார்கள். வெளிர் சட்டை, கையில் பை, கையில் பைல். ஒவ்வொருவராக என் பக்கம் வந்தார்கள், தாண்டிப் போனார்கள். யாரைப் பார்த்து எழுந்திருப்பது? ஒருவரைப் பார்த்துப் பாதி எழுந்தேன். அவர் வேறு யாரையோ நோக்கிப் போனார். இனி எல்லா இடத்திலும் இப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓர் ஆள் சத்தமாக, தன் பெயரையே தான் கூப்பிட்டான்.

"மோகனசுந்தரம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் அதட்டினாள். அவன் இன்னொரு முறை கூப்பிட்டான்.

நான் கையைத் தூக்கினேன்.